விதிகள் குறைந்த ஆட்டத்தை நடத்துவதும் மாற்றுவதும்

அனைவருக்கும் வணக்கம்.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு கற்பனை உலகத்துக்குள் நடந்து போகும் ரோல்பிளேயிங் ஆட்டங்களை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். அவற்றில் விதிகள் மிகவும் குறைந்த வகை ஒன்று உண்டு. முழு விதியும் ஒரு சிறு கையேட்டுக்குள் அடங்கிவிடும். "விதி கொஞ்சம்தானே, நடத்துவது சுலபம்" என்று நம்பி வருகிறவர்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். படிப்பது சுலபம், உண்மை. ஆனால் புத்தகம் இறக்கி வைத்த சுமை முழுவதும், அந்த உலகத்தை விவரித்துத் தீர்ப்புச் சொல்லும் நடத்துபவர் தலையில் ஏறுகிறது.

விதியா, நடத்துபவரின் தீர்ப்பா என்பது பழைய விவாதம். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி, ராணுவப் பயிற்சிக்காக ஒரு போர் ஆட்டத்தை விதிகளோடு வெளியிட்டார். அளவுகள், அட்டவணைகள், பகடைகள் எல்லாம் அதில் இருந்தன. 1876இல் அதே மண்ணின் தளபதி வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கச் சொன்னார். போரை அறிந்த ஒரு நடுவர் தன் அறிவைக் கொண்டு தீர்ப்புச் சொன்னால் போதும் என்பது அவர் கட்சி. பிறகு 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தை மூன்று சிறு புத்தகங்களாகக் கொண்டுவந்தார்கள். அதில் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம். ஆடியவர்கள் இடைவெளிகளைத் தங்கள் போக்கில் நிரப்பிக்கொண்டார்கள். மறு ஆண்டே அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே, வீட்டில் கிடக்கும் ஆறு முகப் பகடை மட்டும் போதும் என்று டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்ற தன் ஆட்டத்தை எழுதிவிட்டார். விதியைத் தன் மேசைக்கு ஏற்றபடி மாற்றுவது இந்த ஆட்டத்தோடு சேர்ந்தே பிறந்த பழக்கம்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆட்டம் கேர்ன். யோகாய் கால் 2020இல் வெளியிட்டது. கிறிஸ் மெக்டவலின் இன்டு தி ஆட், பென் மில்டனின் நேவ் ஆகிய இரண்டு ஆட்டங்களிலிருந்து எடுத்துச் சேர்த்துக் கட்டியது. விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பாத்திரத்துக்கு மூன்றே குணங்கள்: உடல்வலு, சுறுசுறுப்பு, மன உறுதி. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறு முகப் பகடைகளை உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆபத்தான காரியம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுகிறோம். விழுந்த எண் குணத்தின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் தப்பித்தோம். சண்டையில் அடி பட்டதா இல்லையா என்று பார்க்கும் உருட்டல் கிடையாது. வாளை வீசினால் படும். எவ்வளவு ஆழமாகப் படும் என்பதை மட்டும் பகடை சொல்லும். கவசம் அதில் ஒன்று, இரண்டு, அதிகபட்சம் மூன்றைத் தடுக்கும். ஹெச்பி என்ற மெல்லிய பாதுகாப்பு தீர்ந்ததும் மிச்ச அடி உடல்வலுவைத் தின்னும். தொடக்கத்தில் அந்த ஹெச்பி ஒன்றிலிருந்து ஆறுக்குள்தான். ஓர் ஈட்டிக் குத்திலேயே ஆள் விழலாம்.

இங்கேதான் நடத்துபவரின் முதல் கடமை தொடங்குகிறது. அடி தப்பாமல் படும் உலகத்தில் ஆடுபவர்களுக்கு இருக்கும் ஒரே உண்மையான கவசம், அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த செய்தி. ஆகவே செய்தியைப் பூட்டி வைக்காதீர்கள். பொறி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஓர் உருட்டல், அது தோற்றால் ஆள் குழியில், என்று நடத்தினால் ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமே மிஞ்சாது. "அந்தக் கல்லு மட்டும் லேசா மேல தூக்கி நிக்குது. சுத்தி எங்கயும் தூசி, அதுமேல மட்டும் இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். உடனே மேசை உயிர் பெறும். "டேய், மிதிக்காத. கம்பால தட்டிப் பாரு." "வேணாம், மூட்டைய உருட்டி விடுவோம்." இந்தப் பேச்சுதான் ஆட்டம். கம்பால் தட்டினால் கல் இறங்கும், பொறி வெளிப்படும். பகடைக்கு அங்கே வேலையில்லை. புத்தியால் தீர்ந்த சிக்கலைப் பகடையிடம் கொடுத்துத் திரும்ப அவிழ்ப்பது ஆடுபவரை அவமதிப்பது என்றே நான் கருதுகிறேன்.

பகடையை எடுக்கும் முன் என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். "தாண்டலாம், ஆனா தவறினா கயிறும் விளக்கும் கீழ போயிரும்." இதைக் கேட்ட பிறகும் ஒருவர் தாண்டுகிறேன் என்றால் அந்த முடிவு அவருடையது. தோற்றாலும் நடத்துபவர் மீது மனக்கசப்பு வராது. எதிரிகளிலும் இதே நேர்மை வேண்டும். எதிர்ப்படும் உயிர் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெளிவாக இல்லாதபோது இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டச் சொல்கிறது விதி. 2 விழுந்தால்தான் பகை. 12 விழுந்தால் உதவிக்கே வரும். நடுவில் விழும் எண்களுக்கு எச்சரிக்கை, ஆர்வம், கனிவு. எதைக் கண்டாலும் வாளை உருவும் பழக்கத்தை இந்த ஒரு சின்ன அட்டவணை மாற்றிவிடும். தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள். எதிரிகள் கடைசி ஆள் வரை சாகவும் வேண்டியதில்லை. முதல் ஆள் விழுந்ததும் ஒரு முறை, பாதிப் பேர் விழுந்ததும் இன்னொரு முறை மன உறுதிக்கு உருட்டுகிறோம், தோற்றால் ஓட்டம்.

இனி மாற்றுவதைப் பற்றி. இதற்குத்தான் நான் அதிக நேரம் வைத்திருக்கிறேன்.

விதி குறைந்த ஆட்டத்தைப் பார்த்ததும் பலருக்கு அதில் ஏதோ குறைகிறது என்று தோன்றும். ஒரு திறமைப் பட்டியல், மந்திரவாதி என்று ஒரு தனிப் பாத்திர வகை, படிப்படியாக ஏறும் லெவல்கள் என்று சேர்க்கத் தொடங்குவார்கள். சேர்ப்பதற்கு முன் இருக்கும் விதிகள் ஒன்றையொன்று எங்கே பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். கேர்னில் ஒருவர் சுமக்கப் பத்து இடங்கள். வாள் ஓர் இடம், தீப்பந்தம் ஓர் இடம், பெரிய ஆயுதம் இரண்டு. பத்தும் நிரம்பினால் ஹெச்பி பூஜ்ஜியம். அடுத்த அடி நேராக உடலில் இறங்கும். மந்திரமும் இதே பைக்குள்தான் இருக்கிறது. மந்திரப் புத்தகத்தை இரு கைகளிலும் ஏந்தி உரக்கப் படித்தால் யாரும் மந்திரம் போடலாம், ஆனால் போட்டதும் களைப்பு என்று ஓர் இடம் பையில் நிரம்பிவிடும். நன்றாக உறங்கி எழுந்தால்தான் அது காலியாகும்.

"பத்து இடம் பத்தாது, பதினைந்து ஆக்கலாம்" என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்பார். ஆக்கிவிட்டால் மந்திரம் மலிந்துவிடும், புதையலை எடுப்பதா விடுவதா என்ற தவிப்பு போய்விடும், கழுதையையோ கூலியாளையோ கூட்டிக்கொண்டு போக வேண்டிய தேவையும் போய்விடும். தொட்டது ஓர் எண்ணை, மாறியது மூன்று விஷயங்கள். இதேபோல் ஒருவரைப் பலர் தாக்கும்போது எல்லாப் பகடையையும் உருட்டி, மிகப் பெரிய ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும் என்பது விதி. அதைக் கூட்டிக்கொள்ளலாம் என்று மாற்றினால் எலிக்கூட்டம்கூட யாரையும் கொன்றுவிடும்.

அப்படியானால் எதைத்தான் மாற்றுவது? பொருள்களை, உயிர்களை, இடங்களை. கேர்னின் உலகம் இருண்டதொரு பெருங்காடு. உங்களுக்குப் பாலை நிலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாகத்துக்குத் தனி விதி எழுத உட்காராதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தோல்பை தண்ணீர், அது பையில் ஓர் இடம் என்று மட்டும் பட்டியலில் சேருங்கள். ஹெச்பி திரும்புவதற்கே சற்று நேர ஓய்வும் ஒரு மிடறு தண்ணீரும் வேண்டும் என்பது ஏற்கெனவே விதியில் இருக்கிறது. அத்தியாவசியமானது கிடைக்காதவர் தேற முடியாது, ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் களைப்பு சேரும் என்பதும் இருக்கிறது. களைப்பு சேரச் சேரப் பை நிரம்பும். பை நிரம்பினால் ஹெச்பி போகும். ஐந்து நாள் நடைக்குக் கிளம்புகிறவர் ஐந்து இடங்களைத் தண்ணீருக்கே கொடுக்க வேண்டும். கவசத்தை விடுவதா, மந்திரப் புத்தகத்தை விடுவதா என்று கிளம்பும் முன்பே வாக்குவாதம் மூளும். ஒரு பொருளைத்தான் சேர்த்தோம். பாலை முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது.

உயிர்களைப் படைப்பதும் இப்படித்தான். எண்கள் பெரிய காரியமில்லை: சாதாரண உயிருக்கு 3 ஹெச்பி, உறுதியானதுக்கு 6, பெரிய ஆபத்துக்கு 10 அல்லது அதற்கு மேல். கோப்ளின் என்ற மேலைநாட்டுக் குட்டிச்சாத்தானின் பெயரை அடித்துவிட்டுப் பூதம் என்று எழுதினால் அது நம் பூதமாகிவிடாது. அதற்கு என்ன வேண்டும், எதற்கு அஞ்சும், எதை வாங்கிக்கொண்டு வழிவிடும் என்று மூன்று வரி எழுதுங்கள். படையல் வாங்கிக்கொண்டு ஒதுங்கும் பூதமும் படையலை மறந்த ஊரைப் பழிவாங்கும் பூதமும் ஒரே எண்களை வைத்திருந்தாலும் வேறு வேறு ஆட்டங்கள்.

லெவல் இல்லாததுதான் பலருக்கு உறுத்தும். அடி வாங்கி ஹெச்பி சரியாகப் பூஜ்ஜியத்தில் நின்றால் ஒரு தழும்பு கிடைக்கும். சில தழும்புகள் ஆளை முன்னைவிட உறுதியாக்கும். அது போதவில்லை என்றால் லெவலைக் கொண்டுவர வேண்டாம். கதையில் சம்பாதித்ததைப் பாத்திரத்தில் எழுதுங்கள். மலைக்கிழவியிடம் ஒரு மழைக்காலம் தங்கி மூலிகை கற்றவர் இனி அந்தக் காட்டில் விஷச்செடியை உருட்டாமலே அறிவார். தாளில் ஒரே வரி. அது எங்கே கிடைத்தது என்று மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நினைவிருக்கும்.

எந்த மாற்றத்தையும் ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரிடமும் சொல்லி, ஒரு தாளில் எழுதி, மேசை நடுவில் வையுங்கள். ஆட்டத்தின் நடுவில், ஒருவர் உயிர் ஊசலாடும்போது விதி மாற்றுவது கூடாது. அப்போதைக்கு ஒரு தீர்ப்புச் சொல்லி நகருங்கள். முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக உரிமம். கேர்னின் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வந்தது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் தமிழில் எழுதலாம், திருத்தலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் பாலையையும் பூதங்களையும் எழுதியவர்கள் அதை இன்னொரு மேசைக்குக் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் இல்லாதபோது அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்டுத் திருத்துங்கள்.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன்.