மீட்டிங் கால்டு ஆஃப்!

(எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் ஆங்கில மன்றத் தொடக்க விழாவில் பேசியது)

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அவர்களே, இரண்டு கல்யாணங்களை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, மைக் செட்டை இலவசமாகத் தந்த தம்பி அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த ஆங்கில ஆசிரியை அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஃபிரேசல் வெர்ப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது என்ன, ஏன் கடினம், எப்படிப் படிப்பது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்றாள் ஔவை. செந்தமிழுக்கே அப்படி என்றால் ஆங்கிலத்துக்குக் கேட்கவா வேண்டும்?

‘புட்’ என்றால் வை. பின்னால் ஒரு குட்டிச் சொல் வந்து ஒட்டினால் ஆளே மாறிவிடும்; அதுதான் ஃபிரேசல் வெர்ப். ‘புட் ஆன்’ சட்டை போடுவது. ‘புட் அவுட்’ தீயை அணைப்பது. ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுவது. ‘புட் அப் வித்’ சகித்துக்கொள்வது. 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அந்நியர்களுக்குப் பெரிய சிரமம் இதுதான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். நாமும்தான் ‘விட்டுக்கொடு’ என்கிறோம். எதை விட்டோம், எதைக் கொடுத்தோம்? ஆனால் எந்தக் குழந்தையும் அதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ததில்லை.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பேர் வேண்டாம், அவன் அம்மா முன்வரிசையில் இருக்கிறார். ஒருநாள் காலை, கோவையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். ‘மீட்டிங் இஸ் கால்டு ஆஃப். டெல் எவ்ரிபடி’ என்று சொல்லி வைத்துவிட்டார். இவன் யோசித்தான். கால் என்றால் போன். ஆஃப் என்றால் ஆஃப். ஆகா, மீட்டிங்கில் எல்லோரும் போனை ஆஃப் செய்யவேண்டும்! பொறுப்பான பிள்ளை அல்லவா, மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னான். நாற்காலி போட்டான். டீயும் மெதுவடையும் சொல்லிவிட்டான். எல்லோரும் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. அங்கே மேனேஜர் ஏதோ அவசரத்துக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். ஒரு போன்கூட எடுபடவில்லை. கடைசியில் வாட்ச்மேனைப் பிடித்து, ‘ஆபீஸ்ல என்னய்யா நடக்குது?’ என்றிருக்கிறார். ‘எல்லாரும் வடை சாப்பிடுறாங்க சார்’ என்றாராம் அவர்.

அந்தப் பையன் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியவன். அவன் மனப்பாடம் செய்த பட்டியலில் ‘கால் ஆஃப்’ இருந்தது, ரத்து செய்வது என்ற பொருளோடு. ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் அதை அவன் சந்தித்ததே இல்லை. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்!

மழையால் மேட்ச் ‘கால்டு ஆஃப்’ என்று ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வராத மழைக்காலம் உண்டா? தினம் அரைமணி நேரம் படித்தால் போதும். சரி, பத்திரிகை எங்கே இருக்கிறது? கிளை நூலகத்தில். நீங்கள் வகுப்பில் இருக்கும்போது அது திறந்திருக்கிறது; நீங்கள் வெளியே வரும்போது பூட்டியிருக்கிறது. இந்தியா விடுதலை பெற்றபின் முதல் பொது நூலகச் சட்டம், 1948-இல், நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டுகிற நமக்கு ராத்திரி எட்டு மணிவரை கதவு திறந்திருக்கக் கூடாதா? ஔவையின் பாட்டிலேயே அடுத்து வருவது ‘வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்’. பழக ஓர் இடம் வேண்டாமா? ‘புட் ஆஃப்’ என்றால் என்ன என்று, நூலக நேரத்துக்காக நாம் ஏற்கெனவே கொடுத்த மனுவைக் கேளுங்கள், அது சொல்லும். ‘புட் அப் வித்’ என்ன என்பதை நான் சொல்கிறேன்: நாம் இதுவரை செய்துவருவது.

ஏன் கடினம் என்ற பகுதி பாக்கி. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். புது மனு வாசல் மேஜையில் இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைப்பார் என்று அறிவித்துக்கொள்கிறேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை. நன்றி, வணக்கம்.