முதலில் அளவு, அப்புறம் ஃபார்மட்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். எழுத்தெல்லாம் வந்துவிடுகிறது. படம் வர வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளையாக இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து பட்டை பட்டையாகப் படம் இறங்குகிறது. அது முழுசாக வருவதற்குள் பொறுமை போய், வேறு பக்கத்துக்குத் தாவிவிடுகிறோம். இது எல்லோருக்கும் பழக்கமான அனுபவம்தான். அந்த வெள்ளை இடத்தோடுதான் நான் பல வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நெட் ஸ்லோவாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் நெட் மேல் தப்பில்லை, படத்தின் கனம்தான் காரணம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கையில் பேப்பர் வேண்டாம், காதால் கேட்டாலே போதும். 12 மெகாபிக்ஸல் கைபேசியில் எடுத்த படம் ஏறக்குறைய 4000 பிக்ஸல் அகலம், 3000 பிக்ஸல் உயரம் இருக்கும். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். கைபேசி அதைச் சுருக்கிச் சேமித்தும் 4 எம்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்பி என்பது மெகாபைட், ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதனால் 4 எம்பி என்றால் 32 மெகாபிட். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் வரும் இணைப்பில் அந்த ஒரே படம் இறங்க 16 நொடி ஆகும். 16 நொடி. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நேரம் என்று தெரியும்.

இத்தனைக்கும் அந்தப் பக்கத்தில் படத்துக்கு ஒதுக்கிய இடம் 800 பிக்ஸல் அகலம்தான். மீதியை உலாவி இறக்கி, சுருக்கி, தூக்கிப் போட்டுவிடுகிறது. அகலத்தையும் உயரத்தையும் ஐந்தில் ஒரு பங்காக்கினால் புள்ளிகள் 25-ல் ஒரு பங்காகிவிடும். திரை நுணுக்கமான கைபேசிகளுக்காக இரண்டு மடங்காக 1600 வைத்தாலும் ஆறில் ஒரு பங்குதான். ஃபார்மட்டை, அதாவது படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் முறையை, மாற்றாமலே இவ்வளவு மிச்சம். அதனால்தான் யார் கேட்டாலும் ஒரே வரியைத்தான் சொல்கிறேன்: முதலில் அளவு, அப்புறம் ஃபார்மட்.

இந்த ஃபார்மட் விஷயத்தில் ஒரு அனுபவம். நண்பர் ஒருவர் தன் தளத்தில் உள்ள படங்களையெல்லாம் கனம் குறைந்த வெப்பி என்ற ஃபார்மட்டுக்கு மாற்றிவிட்டேன், ஆனாலும் வேகம் கூடவில்லையே என்று வருத்தப்பட்டார். உட்கார்ந்து பார்த்தோம். எல்லாக் கோப்புகளின் பெயரும் ‘.வெப்பி’ என்றுதான் முடிந்தது. ஆனால் ஒரு கோப்பின் கனம்கூட ஒரு கேபி குறையவில்லை. விசாரித்தால், அவர் செய்தது பெயர் மாற்றம் மட்டும். பழைய ஃபார்மட்டின் பெயரான ‘.பிஎன்ஜி’ என்று இருந்ததை அழித்துவிட்டு ‘.வெப்பி’ என்று எழுதியிருக்கிறார். படம் திரையில் சரியாகவே தெரிந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் தெரிந்தது? உலாவி பெயரை மட்டும் நம்புவதில்லை. கோப்பின் தொடக்கத்தில் உள்ள சில எழுத்துகளைப் பார்த்து, ஓ, இது பிஎன்ஜி என்று புரிந்துகொண்டு காட்டிவிடுகிறது. அந்த உதவியே தவறை மறைத்துவிட்டது. அதனால் மாற்றிய பிறகு கனத்தைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். கனம் குறைந்தால்தான் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அன்று மாலையே முறையாக மாற்றினோம், தளம் சட்டென்று திறந்தது.

சரி, ஒரு படம் எப்படிச் சுருங்குகிறது? எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்ற பொறியாளர் 1972-ல் அமெரிக்காவில் ஒரு கணித முறையை ஆராய நிதி கேட்டார். கிடைக்கவில்லை, யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதாம். அவர் விடவில்லை. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1992-ல் வந்த ஜேபெக் என்ற பட ஃபார்மட்டுக்கு அந்த முறைதான் முதுகெலும்பு. இன்றும் நாம் பார்க்கும் கோடிக்கணக்கான படங்கள் அதில்தான் நிற்கின்றன. எளிமையாக இருக்கிறது என்று ஒதுக்கப்பட்ட யோசனை!

ஜேபெக் என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முதல் எண், அந்தக் கட்டம் மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும். அடுத்த எண்கள் மெதுவான மாற்றங்களைச் சொல்லும். கடைசியில் வருபவை மிக நுணுக்கமான மாற்றங்கள். நம் கண் அந்த நுணுக்கத்தைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவற்றைப் பூஜ்யமாக்கிவிட்டால் இடம் மிச்சம். அளவுக்கு மீறி அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருப்பீர்கள்: வானம் கட்டம் கட்டமாகத் தெரியும், எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தது போல அழுக்கு படியும்.

அதனால் எழுத்து, வரைபடம், திரையைப் பிடித்த படம் இவற்றுக்கு ஜேபெக் ஆகாது. பிஎன்ஜி எதையும் தூக்கிப் போடாமல் சுருக்கும், கூர்மை போகாது. ஆனால் புகைப்படத்தைப் பிஎன்ஜி-யில் வைத்தால் கோப்பு வீங்கிவிடும். ஜேபெக் படத்தைப் பிஎன்ஜி ஆக்கினால் தெளிவு திரும்பி வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. வராது. போன நுணுக்கம் போனதுதான், கனம் மட்டும் கூடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எடுத்த மூலப் படத்தை ஒரு இடத்தில் தொடாமல் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே புதிதாகச் சுருக்குங்கள். சுருக்கியதைத் திறந்து, திருத்தி, மறுபடி சுருக்கி, அதையே மறுபடியும் திறந்து என்று போனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் தேயும்.

அடுத்து வெப்பி. கூகுள் 2010-ல் கொண்டுவந்தது. புகைப்படத்துக்கும் உதவும், பிஎன்ஜி போல ஊடுருவித் தெரியும் பின்னணிக்கும் உதவும். அதே தரத்தில் பார்த்தால் பெரும்பாலும் ஜேபெக்கை விடக் கனம் குறைவு. ஆப்பிளின் சஃபாரி 2020-ல்தான் அதை ஏற்றுக்கொண்டது, அதுவரை பலர் தயங்கியதில் நியாயம் இருந்தது. இன்று தயங்க வேண்டியதில்லை. 2019-ல் வந்த ஏவிஃப் என்ற ஃபார்மட் இன்னும் சுருக்கும், ஆனால் மாற்றுவதற்குக் கணினி அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இரண்டையும் வைத்து, பழைய உலாவிக்காக ஜேபெக்கையும் வைக்க வழி இருக்கிறது. உலாவி தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தைச் சுருக்கும்போது மென்பொருள் கேட்கும் தர அளவை நூறில் வைக்காதீர்கள். 80-ல் தொடங்கி, கண்ணால் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம், ஏற்றும் முன் அதையும் நீக்கிவிடுங்கள். திரைக்குக் கீழே இருக்கும் படங்களை, வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறங்கும்படி வையுங்கள், ஆனால் உச்சியில் உள்ள முதல் படத்துக்கு அப்படிச் செய்யாதீர்கள். அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், படம் வந்து விழும்போது படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே நழுவி ஓடும். வணக்கம்.