அவசரமா? ஆறு மாதம் ஆனது!

நடுவர் அவர்களே, திருட்டு நடந்ததால் எத்தியோப்பியாவுக்கு நிறுத்திய உணவு உதவியை அமெரிக்கா 2023 கடைசியில் மறுபடியும் தொடங்கியது சரியா, அவசரமா என்பது கேள்வி. சரி என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி கேட்டார்: "திருடியவன் கையிலேயே மறுபடி சாவியைக் கொடுப்பதா?" நல்ல கேள்வி, கைதட்டலும் வாங்கிவிட்டார். திருட்டு நடந்தது உண்மை. வட எத்தியோப்பியாவில் இருக்கும் டிக்ராய் மாநில மக்களுக்குப் போன கோதுமை செராரோ ஊர்ச் சந்தையில் விற்பனைக்குக் கிடந்தது. அப்புறம் தோண்டத் தோண்ட, நாடு முழுக்க மாவு மில்கள் வரை போயிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தக் கதைதான்.

அதற்கு அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? முதலில் டிக்ராயில் நிறுத்தினார்கள். ஜூன் 2023-இல் நாடு முழுவதும் நிறுத்தினார்கள். சுமார் 2 கோடிப் பேர் அந்த உதவியை நம்பியிருந்தார்கள். மூட்டையைக் கடத்தியவன் வீட்டில் அன்றைக்கும் அடுப்பு எரிந்தது. வரிசையில் நின்ற தாய்க்குத்தான் தண்டனை. டிக்ராயில் நடந்த இரண்டு வருடப் போரில் வயலையும் மாட்டையும் இழந்தவர் அவர். சூடான் சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த அகதிக்கும் அதே தண்டனை. அவர் எந்த மாவு மில்லைக் கண்டார்?

சாவிக்கு வருகிறேன். பழைய பூட்டில் பழைய சாவியைப் போட்டுத் திறக்கவில்லை, நடுவர் அவர்களே. யாருக்கு உணவு என்ற பட்டியலை முன்பு உள்ளூர் அதிகாரிகள் எழுதினார்கள். அந்தப் பிடி தளர்த்தப்பட்டது. பயனாளிப் பதிவு இறுக்கப்பட்டது, மூட்டை எங்கே போகிறது என்ற கண்காணிப்பும் கூடியது. அகதி முகாம்களில் கிடங்கும் விநியோகமும் எத்தியோப்பிய அரசுத் துறையின் கையை விட்டு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் போயின. அதன் பிறகுதான் அக்டோபரில் அகதிகளுக்கும், டிசம்பரில் மற்றவர்களுக்கும் உணவு. அதுவும் ஒரு வருடச் சோதனை என்று சொல்லித்தான்.

"நிறுத்தியதால்தானே எத்தியோப்பிய அரசு இறங்கி வந்தது?" என்பார்கள். இருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் இறங்கி வந்த பிறகும் தராமல் இருந்தால், அடுத்த முறை எந்த அரசு இறங்கி வரும்?

அவசரம் என்கிறார்கள். ஜூனில் நிறுத்தி டிசம்பரில் தொடங்கியதற்கு அவசரம் என்று பெயரா? சரி, இன்னும் எத்தனை மாதம் பொறுத்திருக்க வேண்டும்? எதிரணி அந்த எண்ணைச் சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.