எட்டு வீட்டுக்கு எந்தக் கம்பெனி வரும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

குடியிருப்புச் சங்கத்தை நடத்த ஏற்றவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களா, சம்பளம் வாங்கும் நிர்வாக நிறுவனங்களா என்பது தலைப்பு. தன்னார்வலர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, தம்முடைய குடியிருப்பின் மெயின்டெனன்ஸ் கணக்கை வரி வரியாகப் படித்துக் காட்டினார். சங்கத்துக்காரர்களுக்கு வேலை தெரியாது, நேரம் கிடையாது, கேள்வி கேட்டால் கோபம் வருகிறது என்றார். மாதம் ஒரு தொகையைக் கொடுத்து எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றும் சொன்னார்.

அம்மா, எத்தனை வீடு உள்ள குடியிருப்பை மனதில் வைத்துக்கொண்டு பேசினீர்கள்? சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் நீச்சல் குளமும் வரிசையாக லிஃப்டுமாக நிற்கிற கோபுரங்களைத்தானே? மடிப்பாக்கம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் வந்து பாருங்கள். ஒரு கிரவுண்டு மனையில் ஆறு வீடு, எட்டு வீடு. பில்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதோடு சரி. எட்டு வீட்டுக்கு எந்தக் கம்பெனி வரும்? வந்தாலும் அவர்கள் கேட்கிற தொகையை எட்டாகப் பிரித்தால் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர் என்ன செய்வார்? அங்கே மோட்டார் போடுவது, செப்டிக் டேங்க் லாரிக்குச் சொல்வது, மாடிப்படி பெருக்க ஆள் பிடிப்பது எல்லாம் அந்த எட்டு வீட்டில் ஒருவர்தான். அவர் ஊருக்குப் போனால் மேல்தொட்டி காலி.

வேலை தெரியாதவர்கள் என்றீர்கள். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் மாறியபோது, அடுக்ககங்களின் பொது விளக்கு, மோட்டார் இணைப்புகள் தனிக் கட்டண வகைக்குப் போய், யூனிட் 8 ரூபாய் ஆனது. படிக்கட்டில் நாலு பல்பு, கீழே ஒரு மோட்டார், இவ்வளவுதான் இருக்கிற சின்னக் கட்டடத்துக்கும் அதே விலை. சங்கங்கள் விடவில்லை, மனு மேல் மனு கொடுத்தார்கள். 2023 அக்டோபரில், பத்து வீட்டுக்கு மேல் இல்லாத, மூன்று மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அதை 5 ரூபாய் 50 காசாக அரசு குறைத்தது. இதற்காக அலைந்தவர்கள் யார்? மின்வாரிய ரசீதை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன செயலாளர்களும் பொருளாளர்களும்.

ஜிஎஸ்டியிலும் இதுதான் நடந்தது. ஒரு வீடு சங்கத்துக்குக் கட்டுகிற மாதச் சந்தா 7,500 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்றார்கள். ஒரு குடியிருப்புச் சங்கம் வழக்குக்குப் போனது. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நடுவர் அவர்களே, 2019 கோடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். எங்கள் குடியிருப்பில் போர் காற்றைத்தான் இறைத்தது. தண்ணீர் லாரி ராத்திரி ஒரு மணிக்கு வரும், ரெண்டு மணிக்கு வரும். எங்கள் செயலாளர் அம்மா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு டார்ச்சோடு கேட்டில் நிற்பார். ஹோஸை சம்ப்பில் இறக்குவதற்கு முன்னால் ஒரு செம்பில் பிடித்து மோந்து பார்ப்பார். ஒரு வாய் ஊற்றி உப்பு எவ்வளவு என்று பார்த்துத் துப்புவார். லாரி மேல் ஏறி, தண்ணீர் விளிம்பு வரைக்கும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வார். அப்புறம்தான் பணம்.

இவ்வளவையும் ஒரு சூப்பர்வைசர் செய்துவிடுவார், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் அவரால் செய்ய முடியாது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம்தான் வால்வு திறப்போம் என்று முடிவு செய்ய வேண்டும். வாஷிங் மெஷின் வாரத்தில் ரெண்டு நாள்தான். படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்த வீட்டுக்கும் கைக்குழந்தை இருந்த வீட்டுக்கும் தனியாகச் சில குடம் கூடுதல். அந்தக் குடங்களை மற்ற வீடுகள் விட்டுக்கொடுக்க வேண்டும். என் பங்கைக் குறை என்று எனக்குச் சொல்லும் உரிமை ஒரு கம்பெனி ஊழியருக்கு எங்கிருந்து வரும்? அவர் ஷிஃப்ட் முடிந்ததும் தன் வீட்டுக்குப் போய்க் குளிப்பவர். அந்த அம்மா வீட்டுக் குழாயிலும் அதே ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. அதை எல்லோரும் பார்த்தோம். அதனால்தான் முணுமுணுத்துக்கொண்டாவது அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டோம்.

பெருக்கவும் துடைக்கவும் ஜெனரேட்டர் பார்க்கவும் தாராளமாக ஆள் வையுங்கள், நிறுவனம் வையுங்கள். பெரிய குடியிருப்புகளில் அது இல்லாமல் முடியாது. எங்கள் அணி அதற்கு எதிரி அல்ல. ஆனால் சகோதரி சொன்ன அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? பத்து செக்யூரிட்டிக்குப் பில் போட்டு எட்டுப் பேர் நின்றால் எண்ணிப் பார்ப்பது யார்? ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது யார்? சங்கம்தான். ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒப்படைத்தவற்றைப் பார்த்துக்கொள்ளவே ஆள் வேண்டும்.

கோபம் வருகிறது என்றீர்கள். வரத்தான் செய்கிறது. மோட்டார் காயில் எரிந்த அன்று காலை ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, எலக்ட்ரீஷியன் பின்னாலேயே அலைந்த மனிதரிடம், வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "நாங்கள் கொடுக்கிற பணமெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? பணக்கணக்கைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம், வருடா வருடம் கணக்கைப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும், பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அவர்களையே மறுபடியும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். நம் ஆட்கள் பொதுக்குழுவுக்கு வருவதில்லை. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் அரை மணி நேரம் காத்திருந்து, வந்த பதினைந்து பேரை வைத்துக்கொண்டு கூட்டம் நடக்கிறது. பழைய செயலாளரே தொடரட்டும் என்று கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். பிறகு அவர் பதவியை விடமாட்டேன் என்கிறார் என்று குறை சொல்கிறோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. பல நல்ல மனிதர்கள் இப்படித்தான் ஓய்ந்துபோகிறார்கள்.

நேரம் இல்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் யாருக்குத்தான் நேரம் இருக்கும்? தண்ணீருக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், குப்பைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்ட இடங்களில் வேலைக்குப் போகிற பெண்களும் இளைஞர்களும் வந்து பொறுப்பு எடுத்துக்கொள்கிறார்கள்.

நடுவர் அவர்களே, சகோதரி அந்தச் செலவுக் கணக்கை எவ்வளவு கூர்மையாகப் படித்திருந்தார் என்பதை நீங்களும் கேட்டீர்கள். டீசல் செலவு ஏன் மாதா மாதம் ஒரே தொகையாக இருக்கிறது என்று அவர் கேட்ட கேள்வி, சம்பளத்துக்கு வந்த எந்த மேனேஜருக்கும் தோன்றாது. தன் வீட்டுப் பணம் அது என்பதால் அவருக்குத் தோன்றியது. அவர் குடியிருப்பில் அடுத்த பொதுக்குழு எப்போது என்று தெரியவில்லை. பொருளாளர் பொறுப்புக்கு அவர் நிற்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே அவரைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். வணக்கம்.