தில்லும் சிரத்தையும்

நேயர்களுக்கு வணக்கம். "தில் இருந்தா வா" என்று தெருவில் மல்லுக்கு நிற்கிறவரும், "கொஞ்சம் சிரத்தையாகப் படி" என்று பிள்ளையை அதட்டுகிற அம்மாவும் ஒரே உறுப்பைத்தான் சொல்கிறார்கள். இருதயத்தை!

வேதத்தில் அது ஹ்ருத். பழைய ஈரானின் மறைநூலான அவெஸ்தாவில் ஜெரெத். இந்த ஜ-வைத் தேனீயின் ரீங்காரம் போல ஒலிக்க வேண்டும். கையும் இதே கணக்குதான்: வேதத்தில் ஹஸ்த, அவெஸ்தாவில் ஜஸ்த, பாரசீகத்தில் தஸ்த். அங்கே ஹ, இங்கே ஜ, மூன்றாவது இடத்தில் த. அந்த வரிசையில் பாரசீக இருதயம்தான் 'தில்'. உருது, இந்தி வழியாக நம் தெருவுக்கு வந்து துணிச்சலாகிவிட்டது. மூன்றையும் பின்னோக்கி ஓட்டினால், மூச்சுக் காற்று கலந்த ஒரு ஜ-வில் தொடங்கும் மூலச்சொல் கிடைக்கிறது. எந்த ஏட்டிலும் இல்லாத சொல்.

சரி, கணக்கு முடிந்ததா? இல்லை. இந்த மொழிகளுக்குத் தூரத்து உறவான கிரேக்கத்தில் இருதயம் கார்டியா, லத்தீனில் கோர். இப்படிப்பட்ட க, வேதத்தில் ச-வாக வர வேண்டும். லத்தீனில் நூறு கென்டும், வேதத்தில் சதம் என்பது போல. அப்படியானால் ச்ருத் என்றல்லவா இருந்திருக்க வேண்டும்? ஹ எங்கிருந்து வந்தது? வேறொரு சொல்லின் சாயல் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். அது எந்தச் சொல் என்பதில்தான் இன்னும் சண்டை.

ஆனால் அந்த ச தொலைந்துபோகவில்லை. சிரத்தையில் ஒளிந்திருக்கிறது! ச்ரத் என்றால் இருதயம், தா என்றால் வைத்தல். நாம் "மனசு வைத்துச் செய்" என்கிறோமே, அதேதான். லத்தீனில் நம்புவதற்கான கிரேடோவும் இப்படிப் பிறந்ததே. உங்கள் பையில் இருக்கும் கிரெடிட் கார்டு அதன் பேரப்பிள்ளை. இந்த ச்ரத் இருதயமே அல்ல என்று மறுக்கும் அறிஞர்களும் உண்டு. எனக்கு அவர்கள் வாதம் ஒட்டவில்லை. காரணம், அவெஸ்தாவில் சிரத்தைக்கு உறவான சொல் ஜ்ரஜ்தா. வேதத்தின் ச-வுக்கு இணையாகச் சொல்லின் தொடக்கத்தில் ஸ வர வேண்டிய இடத்தில் ஜ. அது இருதயத்தின் சொல் என்ற நினைப்பு இருந்ததால்தானே ஜெரெத்தைப் பார்த்து இதையும் மாற்றியிருக்கிறார்கள்?

வேதத்தில் அப்படி யாரும் மாற்றவில்லை. ரிக் வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில் 151-ஆவது பாடல் சிரத்தையையே தெய்வமாக அழைக்கிறது. இருதயத்தின் விருப்பத்தால் சிரத்தையை அடையலாம் என்கிறது. இரண்டு சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒன்று ச-வோடு, மற்றது ஹ-வோடு.