பிள்ளையார் சுழிக்குக் கீழே

(காரைக்குடிப் பக்கத்துக் கோயில் திருவிழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'வேலையில்லாமல் நிற்கும் கலைஞர் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டியது நம்பிக்கையை வைத்தா, கணக்கை வைத்தா?' கணக்கு அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரே நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் எதிரணியினரே, எத்தனை நிமிடம் மிச்சம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அணியினரே, முன்வரிசை ஆச்சிமாரே, கொட்டகைக்கு வெளியே நின்றபடியே கேட்கிற பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

விழாக் குழுவினர்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கோபுரத்துக்கு நேர் எதிரே மேடையைப் போட்டு, அம்மன் முகத்தைப் பார்த்து நிற்க வைத்து, 'நம்பிக்கையைவிடக் கணக்குதான்' என்று பேசச் சொன்னால் ஒரு மனுசன் எப்படிப் பேசுவான்? எதிரணிக்கு அம்மன் துணை. எனக்கு மைக் செட் தம்பி துணை. அவரும் நான் எழுந்ததும் ஒருமுறை கிர்ரென்று இழுத்துவிட்டார்.

பரவாயில்லை. கடவுள் உண்டா இல்லையா என்று தலைப்பு கேட்கவில்லை. நானும் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறேன். வேலை போய் நிற்கிற ஒரு கலைஞருக்கு முன்னால் நாலு வழி இருக்கும்போது, எந்த வழி என்று யார் சொல்ல வேண்டும்? அதுதான் வழக்கு.

எதிரணித் தலைவர் ஆச்சி ஒரு பெண்ணை உதாரணமாகக் காட்டினார்கள். நானும் அவளையே எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்த பெண். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஓர் ஆள் வரைய ஒரு நாள் ஆகிற படத்தைக் கணினி அரை நிமிடத்தில் போட ஆரம்பித்ததும் ஆட்குறைப்பு வந்தது. இப்போது ஊரில் அப்பத்தா வீட்டில் இருக்கிறாள். சென்னைக்கே திரும்பி சினிமாக் கலை இயக்குநர் ஒருவரிடம் உதவியாளராகச் சேரலாம். ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போகலாம். வீட்டுத் தரைக்குப் போடுகிற ஆத்தங்குடிக் கல்லுக்குப் புது டிசைன் போட்டுத் தொழில் பண்ணலாம். சித்தப்பா கூப்பிடுகிற சிங்கப்பூருக்குப் போகலாம்.

ஆச்சி என்ன சொன்னார்கள்? 'பிள்ளையார்பட்டிக்குப் போகட்டும், பூக்கட்டிப் பார்க்கட்டும், வந்த வழியில் போகட்டும், மிச்சத்தைக் கற்பக விநாயகர் பார்த்துக்கொள்வார்' என்றார்கள். கைதட்டலும் வாங்கினார்கள்.

ஆச்சி, ஒரு சந்தேகம். பூக்கட்டிப் பார்ப்பதில் பொட்டலம் ரெண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. அந்தப் பெண்ணுக்கு வழி நாலு. எந்த ரெண்டைப் பொட்டலத்தில் வைப்பது என்று முடிவு செய்தது யார்? சினிமா வேண்டாம் என்று அப்பா சொன்னார், சிங்கப்பூர் தூரம் என்று அப்பத்தா சொன்னார். விநாயகர் சந்நிதிக்குப் போகும் முன்னாலேயே பாதி முடிவை வீட்டுத் திண்ணையில் எடுத்தாயிற்று. மீதிப் பாதிக்கு மட்டும் சாமி பொறுப்பு. அதிலும் பிடிக்காத பூ வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? 'மனசு சரியா ஒன்றவில்லை, இன்னொரு தடவை பார்ப்போம்.' சிரிக்கிறீர்கள். சிரித்தவர்கள் எல்லோரும் இரண்டாம் தடவை பார்த்தவர்கள்.

அது மட்டுமா? அந்தப் பெண்ணுக்குப் பதில் ஒரு பையன் வேலை இழந்து வந்திருந்தால் நாலு வழி பற்றிப் பேசியிருப்போம். பெண்ணாக இருப்பதால் ஐந்தாவதாக மாப்பிள்ளை என்ற ஒரு வழி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைத் தடுக்கப் பூ போதாது ஐயா. காகிதமும் பேனாவும் வேண்டும்.

இனி இந்த மண்ணின் கதைக்கு வருகிறேன். நம் நகரத்தார் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனார்கள். பர்மா, மலேயா, சிலோன் என்று போன இடமெல்லாம் தண்டாயுதபாணியைக் கொண்டுபோய் வைத்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-இல் எழுந்தது. ரங்கூனில் கடன் வட்டி எவ்வளவு என்பதைக்கூடக் கோயிலில் கூடித்தான் வைத்தார்கள். 'பார்த்தீர்களா நம்பிக்கையை' என்று ஆச்சி கேட்டபோது நானும் சேர்ந்துதான் கைதட்டினேன். ஆனால் கூடிய இடம் கோயில் என்றால், கூடிச் செய்தது என்ன? திருவுளச்சீட்டுப் போட்டா வட்டியை எடுத்தார்கள்? சந்தையில் பணம் எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசி வைத்த வட்டி அது. முருகன் சாட்சி. கணக்கு இவர்களுடையது. கணக்குத் தப்பினால் பழியும் இவர்களுடையது.

பழைய பேரேடு ஏதாவது வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி இருக்கும், சிவமயம் இருக்கும். அதற்குக் கீழே வரவு, பற்று, இருப்பு. சாமிக்கு மகமை என்று லாபத்தில் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். அதையும் ஏட்டில் ஏற்றினார்கள். சாமிக்குக் கொடுப்பதையே எழுதி வைத்தவர்கள், சாமி கொடுப்பார் என்று ஏட்டை மூடி வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு இதுதான் ரொம்ப முக்கியம். பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறினவர், அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள் என்று உயர்ந்தார். ஆனால் 'போனேன், விதி விட்ட வழி' என்று எவரும் போகவில்லை. மூன்று வருடத் தவணை. தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்து ஊருக்கு வர வேண்டும். வீட்டில் இருந்து, பிள்ளை குட்டியைப் பார்த்து, திரும்பப் போவதா வேண்டாமா என்று மறுபடி யோசிக்கலாம். ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஆயுசுக்கும் அதிலேயே கிடப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பயத்தில்தான் முடிவைச் சாமி தலையில் போடுகிறோம். கடல் கடந்து போனவர்களே தவணை வைத்துத்தான் போனார்கள். காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கம் போகிறவளுக்கு ஏன் தவணை இல்லை?

எதிரணித் தம்பி சீட்டு எழுதி அனுப்புகிறார். என்ன எழுதியிருப்பார் என்று தெரியும். 'கணக்குப் போட்டவர்கள்தானே 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள்?' சரி, நியாயமான கேள்வி. வந்தார்கள், நடந்தே வந்தவர்களும் உண்டு. கணக்குத் தப்பும் தம்பி. உலகப் போரை எந்தப் பேரேட்டிலும் முன்கூட்டி எழுத முடியாது. ஆனால் எழுதி வைத்தவனுக்கு எது போயிற்று, எது மிச்சம் என்று தெரியும். எங்கே திரும்பத் தொடங்கலாம் என்று தெரியும். பூவை நம்பிப் போய்த் தோற்றவனுக்கு ஒன்றுமே தெரியாது. 'சாமி கைவிட்டுவிட்டது' என்று சாமியிடமும் கோபித்துக்கொள்வான். வேலையும் போய் நம்பிக்கையும் போய் நிற்பான். நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் ஐயா நான் கணக்குப் பக்கம் பேசுகிறேன்.

'கலைஞன் கணக்குப் பார்த்தால் கலை செத்துவிடும்' என்று தம்பி உருக்கமாகச் சொன்னார். இதை நம் ஊரில் நின்றுகொண்டு சொல்லலாமா? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலையில் கட்டம் எப்படி விழுகிறது? பாவில் இழையை எண்ணித்தான். ஓலைக் கொட்டான் பின்னுகிற ஆச்சியைக் கேளுங்கள், ஓர் ஓலை எண்ணிக்கை பிசகினால் பூ விழாது. அட, கம்பனுக்கே சடையப்ப வள்ளல் இருந்தார் என்று சொல்லிச் சொல்லித்தானே இந்தக் காரைக்குடி ஆண்டுதோறும் விழா எடுக்கிறது! அத்தனை பெரிய பக்திக் காவியம் பாடினவருக்கும் அடுப்பெரிய ஓர் ஆள் வேண்டியிருந்தது. நம் பெண்ணுக்கு சடையப்பர் இல்லை. அவளே கவிஞர், அவளே வள்ளல். அப்படியானால் கணக்கு அவள்தானே பார்க்க வேண்டும்?

ஆச்சி, கண்ணதாசனைச் சொன்னீர்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்து, எட்டாவதோடு நிறுத்தி, நம்பிக்கை ஒன்றே துணையாகப் பட்டணம் போனார் என்றீர்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் 1949-இல் முதல் சினிமாப் பாட்டு வரும் முன்னாலேயே அவர் பத்திரிகை வேலை பார்த்தவர். அப்புறம் இன்னொரு சங்கடம். பாட்டால் அவர் பேர் எடுத்த 1950களில் அவர் நின்றது திராவிட இயக்க மேடையில், கடவுள் மறுப்பு பேசிய கூட்டத்தில். ஆன்மிகமாக எழுதிக் குவித்ததெல்லாம் பின்னால். உங்கள் சாட்சியை நானே கூண்டில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது.

ஏவி. மெய்யப்பச் செட்டியாரை ஏன் சொல்லாமல் விட்டீர்கள் என்றுதான் புரியவில்லை. காரைக்குடிக்காரர். 1935-இல் எடுத்த முதல் படம் 'அல்லி அர்ஜுனா' ஓடவில்லை. அடுத்ததும் கைகொடுக்கவில்லை. பிடிவாதம்தான், நம்பிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம் இருந்தது. படம் போனாலும் பானை கொதித்தது. போரை ஒட்டிய காலத்தில் சென்னை சரிப்படவில்லை என்றதும் இங்கே காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். அங்கே எடுத்த 'நாம் இருவர்' 1947-இல் வந்து பேர் வாங்கியது. சென்னையில்தான் சினிமா என்று அவரும் பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, பெண்ணிடம் வருவோம். கையில் 90,000 ரூபாய் இருக்கிறது, மாதச் செலவு 15,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் ஓடும். சென்னையில் அறை எடுத்தால் முன்பணத்திலேயே பெரும்பகுதி போய்விடும். 'அரசாங்கம் உதவித்தொகை தருகிறதே' என்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். ஓவியருக்கு அது தூரிகைக்கே காணாது.

சினிமாக் கலைத்துறையில் படம் நடக்கிற வரைக்கும் பேட்டா உண்டு, படம் நின்றால் அவளும் நிற்பாள். இரண்டு படத்துக்கு நடுவே எத்தனை மாதம் சும்மா இருக்க வேண்டும் என்று உள்ளே இருக்கிற நாலு பேரிடம் கேட்க வேண்டும். ஆசிரியர் வேலையா? 2012-இல் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தையலுக்கும் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஆரம்பச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை வருடம் தெருவில் உட்கார்ந்தார்கள் என்று பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை; சித்தப்பா சொல்கிற வேலை கடையில் கல்லாப்பெட்டி வேலை.

ஆத்தங்குடிக் கல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, உலர வைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியைக் கழற்றினால் பளபளப்பு. கை வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். அவள் கொண்டுவரக்கூடியது புதிய அச்சு, புதிய நிறச் சேர்க்கை. அதற்குப் பட்டறை போட வேண்டியதில்லை. இருக்கிற பட்டறைக்காரர் ஒருவரிடம் டிசைனுக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். ஓடினால் அப்புறம் மாவட்டத் தொழில் மையம் போய் பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடன் கேட்கலாம். கிராமத்தில் தொடங்கும் பெண்ணுக்கு மானியம் 35 சதவீதம் வரை, கைக்காசு 5 சதவீதம் போட வேண்டும். இடம் வீட்டிலேயே இருக்கிறதே என்பீர்கள். செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்கா பஞ்சம்? பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவதற்குள் அவளுக்கு அறுபதாங்கல்யாணம் வந்துவிடும்.

எந்த வழி என்று நான் சொல்ல மாட்டேன். சினிமாவே வேண்டும் என்று அவள் போனாலும் போகட்டும். எத்தனை மாதம், எவ்வளவு பணம், எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பது என்று எழுதிவிட்டுப் போகட்டும்.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். கால் கொப்பளித்த பிறகும் நடக்க வைப்பது முருகன்தான், நான் மறுக்கவே இல்லை. ஆனால் எந்த நாள் புறப்பாடு, எந்த ஊரில் தங்கல், எங்கே சாப்பாடு என்பதை முருகன் சொல்லட்டும் என்று எந்தக் காவடியும் கிளம்பியதில்லை. ஆறு மாதத் தவணையில் மூன்றாவது மாதம் ஒரு காசு வரவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு ராத்திரி தூக்கம் வராது. அன்றைக்குப் பிள்ளையார்பட்டிக்குப் போகட்டும். நானே பஸ்ஸுக்குக் காசு தருகிறேன்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வருகிற தம்பிக்கு ஒரு கேள்வியோடு உட்கார்கிறேன். பூவில் சென்னை என்றே வந்துவிட்டது, அந்தப் பெண்ணும் பெட்டியைக் கட்டிவிட்டாள். அறைக்கு முன்பணம் எவ்வளவு, அது யார் கையிலிருந்து வருகிறது, திரும்பி வர வேண்டியிருந்தால் எந்த மாதம்? இந்த மூன்றுக்கும் கணக்குப் போடாமல் தம்பி பதில் சொல்லட்டும். சொல்லிவிட்டால் என் அணி எழுந்து உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நன்றி, வணக்கம்.