தாமதமாக வந்த அரசி

நேயர்களுக்கு வணக்கம். சுவீடன், நார்வே ஆகிய இரு நாடுகளுக்கும் 1818-ஆம் ஆண்டில் அரசியான ஒரு பெண்மணி, அப்போது பாரிஸ் நகரில் வேறொரு பெயரில் குடியிருந்தார். கணவர் அரியணை ஏறிய பிறகும் ஐந்தாண்டுகள் அவர் அங்கிருந்து அசையவில்லை. தெசிரே கிளாரி என்னும் அந்த அரசியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

மார்சேய் துறைமுக நகரத்தில் பட்டு வணிகத்தால் செல்வம் குவித்த பிரான்சுவா கிளாரியின் மகளாக 1777-இல் பிறந்தவர் தெசிரே. அவருடைய அக்காள் ஜூலி, ஜோசப் போனபார்ட்டை மணந்தார்; ஜோசப்பின் தம்பி நெப்போலியனுக்குத் தெசிரேயை 1795-இல் நிச்சயம் செய்தார்கள். நெப்போலியன் இவரை 'யூஜெனி' என்று அழைத்ததோடு, அதே பெயரில் ஒரு நாயகியை வைத்துச் சிறிய காதல் கதையொன்றையும் எழுதினார். கதை எழுதிய கையோடு பாரிசில் ஜோசபினைச் சந்தித்து, 1796-இல் அவரையே மணந்துகொண்டார்.

தெசிரே 1798-இல் பெர்னடோட் என்ற படைத்தலைவரை மணந்தார். மறு ஆண்டு ஆஸ்கர் பிறந்தான். முதுமையும் நோயும் சேர்ந்த சுவீடன் மன்னருக்கு வாரிசு இல்லாமற்போகவே, அந்நாட்டு நாடாளுமன்றம் 1810-இல் பெர்னடோட்டைப் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தது. கணவருக்கு ஏற்கெனவே இத்தாலியில் போன்டேகொர்வோவின் இளவரசர் என்ற பட்டம் உண்டு. அதற்காக யாரும் அங்கே போய்க் குடியிருக்கவில்லை. சுவீடனும் அதுபோல் பெயரளவில் ஒரு பட்டம்தான் என்று தெசிரே எண்ணியிருந்தாராம். இதை அறியாமை என்று சிரித்துவிடலாம்; ஆனால் நெப்போலியன் நாடுகளைத் தன் உறவினர்களுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அப்படி எண்ணியதில் பெரிய பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1811 ஜனவரியில், கடுங்குளிரில், ஸ்டாக்ஹோம் வந்து சேர்ந்தார். வணிகர் வீட்டுப் பெண் என்ற இளக்காரம் அரண்மனையில் இருந்தது, மொழியும் புரியவில்லை. கோடை வந்ததும், மகனையும் கணவரையும் விட்டுவிட்டு, காட்லாந்துச் சீமாட்டி என்ற பெயரில் பாரிஸ் திரும்பியவர், பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். 1813-இல் லைப்சிக் போர்க்களத்தில் கணவர் நெப்போலியனுக்கு எதிராகப் படை நடத்தியபோதும் அவருடைய வீடு பாரிசில்தான். பின்னர் பிரான்சின் தலைமை அமைச்சரான ரிஷ்லியூ கோமகன்மீது மோகங்கொண்டு, அவர் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து, அந்த மனிதரைப் படாதபாடு படுத்தினார்.

1823-இல் மருமகளை அழைத்துக்கொண்டு சுவீடன் வந்தார். மருமகளின் பெயரும் ஜோசபின்தான். நெப்போலியன் மணந்த அந்த ஜோசபினின் பேத்தி. எவரால் தம் திருமணம் நின்றதோ, அவருடைய மகனே தெசிரேக்குச் சம்பந்தியாக வாய்த்தார்!

ஸ்டாக்ஹோமில் 1829-இல் முடிசூட்டு விழா நடந்தது. சுவீடிய மொழி மட்டும் கடைசிவரை அவருக்குப் படியவில்லை. தெருக் குழந்தைகளை அரண்மனைக்குள் அழைத்து மிட்டாய் கொடுப்பாராம். பேச மொழியில்லாததால் "வா, வா" என்ற பொருள் தரும் 'கொம், கொம்' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாராம். பகலில் வெகுநேரம் கழித்து எழுந்து, இரவில் வண்டியேறி நகரைச் சுற்றிச் சுற்றி வருவது வழக்கம். உணவு வேளைக்குக் காத்திருந்து சலித்த கணவர் 1844-இலும், மகன் ஆஸ்கர் 1859-இலும் காலமானார்கள். பேரன் பதினைந்தாம் சார்லஸ் ஆட்சியிலும் பாட்டி தம் நேரப்படியே வாழ்ந்தார்.

1860 டிசம்பர் 17-ஆம் நாள் இரவு, ஆப்பரா அரங்குக்குப் புறப்பட்டார். அவர் தம் மாடத்துக்குள் நுழைந்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. அரண்மனைக்குத் திரும்பினார், அன்றிரவே உயிர் பிரிந்தது. வணக்கம்.